துடைக்காத கருவி

ராஜஸ்தானின் பட்லா சூரிய மின் பூங்காவின் திறன் 2,245 மெகாவாட். தார் பாலைவனத் தூசி தகடுகள் மீது ஓயாமல் படிகிறது. தண்ணீர் பஞ்சம் என்பதால் உலர்ந்த பிரஷ் பொருத்திய ரோபாட்டுகள் துடைக்கின்றன.

தொழிற்சாலைக் கூரைகளுக்கு இந்த யோகம் அபூர்வம். 100 கிலோவாட் நிறுவிய முதலாளி பார்ப்பது மாதாந்திர யூனிட் கணக்கை மட்டுமே. குறைந்தால், “மேகமூட்டம் சார்” என்பார் பராமரிப்பு ஒப்பந்தக்காரர். உண்மையா? வெயிலையும் அளந்தால்தான் தெரியும். ஒரு நாளில் தகடுகள் மீது சதுர மீட்டருக்கு 5 யூனிட் அளவு வெயில் விழுந்தால், ஏட்டுக் கணக்கில் 500 யூனிட் மின்சாரம் வர வேண்டும். சூடு, கம்பி, இன்வெர்ட்டர் இழப்பு போக 400 கிடைத்தால் 80 சதவீதம் - மோசமில்லை.

இதிலும் ஒரு வேடிக்கை. வெயிலை அளக்கும் பைரனோமீட்டரின் கண்ணாடி மீதும் தூசி படியும். தகடுகள் 360 யூனிட்தான் தரும், கருவியும் 4.5 என்றே காட்டும். சதவீதம்? அதே 80! கணினித் திரையில் சகலமும் சௌக்கியம். கடன் தவணை கட்டுகிறவருக்கோ தினமும் 40 யூனிட் நஷ்டம். அந்தக் கருவியை யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை துடைப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும் - துடைப்பவர் ஒப்பந்தக்காரரின் ஆளாக இல்லாமலிருப்பது உத்தமம்.