ஏற்காடு உருவானது எப்படி? இன்று என்ன சிக்கல்?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. 'ஏழைகளின் ஊட்டி'ன்னு சொல்வாங்க. ஆனால் இந்த ஊரின் கதை சுற்றுலாவில் தொடங்கவில்லை.

காபி வந்த கதை
1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியை அறிமுகப்படுத்தினார். தோட்டங்கள் பெருகின, பங்களாக்களும் மிஷனரி பள்ளிகளும் வந்தன. பிரான்சில் தோன்றிய புனித கேப்ரியல் சபையினர் 1917-ல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளி இன்றும் இயங்குகிறது.

அதற்கு முன்பு?
தலைச்சோலை போன்ற கிராமங்கள் கொண்ட இந்த சேர்வராயன் மலை, மலையாளி பழங்குடியினரின் பூமி. பெயரைப் பார்த்து கேரளான்னு நினைச்சுடாதீங்க; இவர்கள் பேசுவது தமிழ். மே மாத சேர்வராயன் கோயில் திருவிழா இவர்களின் பெருவிழா.

இப்போ என்ன பிரச்சினை?
2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டு, போக்குவரத்து நின்றது. சுற்றுலாப் பயணி ட்ரிப்பைத் தள்ளிப் போடலாம். மலைக் கிராமத்துக்காரர்களுக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் சேலம்தான்.

காபிச் செடிக்கு நிழல் மரம் வேண்டும். அந்த மரத்தின் வேர்தான் சரிவில் மண்ணைப் பிடித்து வைக்கிறது. தோட்டம் ரிசார்ட்டாக மாறினால் அந்தப் பிடி தளரும். ஏற்காட்டில் காபி வெறும் வியாபாரம் இல்லை, ஊருக்கான பாதுகாப்பும்தான்.