கொட்டகையில் நின்ற குதிர்

பழைய படமொன்றில் ஆள் உயர மண்கூட்டுக்குள் ஒருவர் ஒளிவதைப் பார்த்துச் சிரித்த குடும்பம் அது. மாட்டுக்கொட்டகையைப் பிரித்தபோது, விறகுக்குப் பின்னால் அதேபோல் ஒன்று! 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்கிறோமே, அந்தக் குதிர்தான். மண் உறைகளை அடுக்கி, இணைப்பில் களிமண்ணும் சாணமும் பூசியது. அடியிலுள்ள துளையைக் கோழி நுழையும் வழி என்றார்கள் பிள்ளைகள். நெல் எடுப்பது அதன் வழியே.

போன வருஷம் சாக்கிலிருந்த விதைநெல்லில் பாதி அந்துப்பூச்சிக்குப் போயிற்று. இம்முறை குதிரில் கொட்டலாமா என்று கேட்கிறார்கள்.

கொட்டலாம். உறைகளைத் தனித்தனியே கழற்றி, துடைத்து, வெயிலில் காயவிடுங்கள். செங்கல் மேல் அடுக்கி, விரிசலைப் பூசுங்கள். வெறுந்தரையில் ஈரம் ஏறும். விதைநெல்லில் ஈரம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். நொச்சி இலை போடுவதானால் நிழலில் உலர்த்தியே போடுங்கள்.