வெள்ளையடிக்க வாங்க, இன்ஜினீயர்களே!

என்ன மக்களே, செமஸ்டர் முடிஞ்சாச்சா? அரியர் கணக்கையெல்லாம் ரிசல்ட் வரும்போது பார்த்துக்கலாம், விடுங்க. ஹாஸ்டல் ரூமைப் பூட்டி, ஒரு மாச அழுக்குத் துணியை ஒரே பையில் அமுக்கி, ஊருக்கு பஸ் ஏறியாச்சு. போனதும் என்ன பிளான்? தூக்கம். எழுந்ததும்? சாப்பாடு. அப்புறம்? மறுபடியும் தூக்கம். நடுவுல கொஞ்சம் செல்போன்!

சரி பாஸ், ஒரே ஒரு கேள்வி. மார்கழி பிறந்ததிலிருந்து போகி வரைக்கும் உங்க வீட்டுல ஒரு பெரிய புராஜெக்ட் ஓடிக்கிட்டே இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? பரண் மேல இருக்கிற அண்டா, குண்டா எல்லாம் கீழே இறங்கும். ஒட்டடைக் கம்பு வெளியே வரும். பாய், தலையணை மொட்டை மாடியில் காயும். ஒரு மூலையில் சுண்ணாம்பு ஊறும். பொங்கலன்னிக்குக் காலையில் நாம கண்ணைக் கசக்கிக்கிட்டு எழுந்து வந்தா, வீடே ஜொலிக்கும். அது என்னமோ தானா நடக்கிற விஷயம்னு நினைச்சுக்கிட்டிருக்கிற ஆளுங்க நம்ம கிளாஸ்லயே பாதிப்பேர் தேறுவாங்க.

அந்த புராஜெக்ட்டுக்கு மேனேஜர், சூப்பர்வைசர், வேலையாள் மூணும் ஒரே ஆள்தான். அம்மா. அக்கா, தங்கச்சி இருந்தா அசிஸ்டென்ட்.

உடனே சட்டைக் காலரைத் தூக்கிக்கிட்டு, 'நாங்களும் வேலை செய்வோம்ல'ன்னு பசங்க வருவீங்க. தெரியும். கிறிஸ்துமஸுக்கு வாசல்ல ஸ்டார் கட்டணும்னா நாலு பேர் போட்டி போடுவீங்க. சீரியல் பல்ப் மாட்டணுமா, நீங்கதான். குடிலுக்கு மலை, ஆறெல்லாம் செட் போடணுமா, அதுவும் நீங்கதான். கரும்பை வாசல்ல கட்டுறது, போகிக்குத் தீ மூட்டுறது எல்லாமே சார்தான். இதுல ஒரு ஒற்றுமை பார்த்தீங்களா? எல்லாம் ஒரு மணி நேரத்துல முடியுற வேலை. வர்றவங்க போறவங்க பார்த்து, 'அட, தம்பி கட்டினதா?'ன்னு கேட்கிற வேலை. பரணைத் துடைச்சவங்களை யாரும் அப்படிக் கேட்கிறதில்லை. துடைச்சது வெளியே தெரியாது, துடைக்கலைன்னாதான் தெரியும்!

இதை ஏன் இவ்வளவு சீரியஸா சொல்றேன்னா, என் கிளாஸ்மேட் ஒருத்தனோட கதை அப்படி. போகிக்கு ரெண்டு நாள் முன்னாடி அவங்க அம்மா பரணிலிருந்து பித்தளைப் பானையை இறக்கப் போயிருக்காங்க. வீட்டுல ஏணி இல்லை. டேபிள் மேல பிளாஸ்டிக் ஸ்டூல், ஸ்டூல் மேல அம்மா. ஸ்டூல் வழுக்கிடுச்சு. வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. இவன் பக்கத்து ரூம்ல காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் படுத்திருந்தான். அந்த வருஷம் அம்மா கட்டுப் போட்ட கையோட நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அப்பாவும் பையனும் பொங்கல் வெச்சிருக்காங்க. காலேஜ் திறந்ததும் கேன்டீன்ல எங்ககிட்ட அவன் சொன்னது இது: "மெக்கானிக்ஸ் பேப்பர்ல ஏணிக் கணக்குக்கு ஃபுல் மார்க்டா எனக்கு. எங்கம்மா எதுமேல ஏறி நின்னாங்கன்னு மட்டும் பார்க்கலை."

யாரும் சிரிக்கலை.

அதனால இந்த வாரம் அட்வைஸ் கிடையாது, வெறும் பிராக்டிகல் கிளாஸ்தான். எல்லாம் நாம படிச்ச பாடம்தான். எடுத்த மார்க்கைக் கொஞ்சம் வீட்டுலயும் செலவழிப்போமே!

முதல்ல ஏணி. பக்கத்து வீட்டுல கேட்டாவது வாங்கிடுங்க. சுவர்ல ஏணி சாயுற இடம் 8 அடி உயரத்துல இருந்தா, அடிப்பகுதி சுவரிலிருந்து 2 அடி தள்ளி இருக்கணும். அதாவது நாலுக்கு ஒண்ணு. தரையோட சுமார் 75 டிகிரி வரும். இன்னும் படுக்க வெச்சா அடி வழுக்கும், நிமிர்த்தி வெச்சா ஆளோட பின்பக்கம் சாயும். கீழே ஒருத்தர் பிடிச்சுக்கணும். ஏறுறது நீங்க, பிடிக்கிறது தம்பி. அம்மா கீழே நின்னு, 'அந்தப் பெரிய அண்டாவை மட்டும் இறக்கு'ன்னு சொன்னாப் போதும்.

ரெண்டாவது, வரிசை. மேலேயிருந்து கீழே, இதான் ஒரே ரூல். பரண், ஒட்டடை, ஃபேன், சுவர், ஜன்னல், கடைசியா தரை. தரையைத் துடைச்சிட்டு ஒட்டடை அடிச்சா என்ன ஆகும்னு சொல்ல இன்ஜினீயரிங் டிகிரி தேவையில்லை. ஃபேனைத் துடைக்கவும், சுவிட்ச் போர்டு பக்கத்துல ஈரக் கையோட போகவும் முன்னாடி மெயினை ஆஃப் பண்ணிடுங்க.

அடுத்து நம்ம ஹீரோ, சுண்ணாம்பு. பெயின்ட் அடிச்ச வீடுன்னா ஈரத் துணியால துடைச்சாலே போதும். பெயின்ட் மேல சுண்ணாம்பு ஒழுங்கா ஒட்டாது. ஆனா கிராமத்து வீடு, மாட்டுக் கொட்டாய், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், காம்பவுண்டு சுவர்னு சுண்ணாம்பு அடிக்கிற இடம் இன்னும் நிறைய இருக்கு. ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியை ஞாபகப்படுத்திக்கோங்க. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் 900 டிகிரிக்குப் பக்கத்துல சுட்டா கார்பன்-டை-ஆக்சைடு வெளியே போயிடும். மிச்சம் கால்சியம் ஆக்சைடு. அதான் கடையில கிடைக்கிற சுட்ட சுண்ணாம்பு. அதைத் தண்ணியில போட்டா தண்ணி கொதிக்கிற அளவுக்குச் சூடு கிளம்பும். அதனால பிளாஸ்டிக் பக்கெட் வேண்டாம், மண் பானையோ இரும்புப் பாத்திரமோ எடுங்க. தண்ணியில சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும், சுண்ணாம்பு மேல தண்ணியை ஊத்தக் கூடாது. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் பழைய துணியில் வடிகட்டி, சிட்டிகை நீலம் சேர்த்தா மஞ்சள் சாயல் போய்ப் பளிச்சுன்னு இருக்கும்.

சுவரை லேசா நனைச்சிட்டு, மட்டையால மெல்லிசா அடிங்க. அடிக்கும்போது ஒண்ணுமே தெரியாது, தண்ணியா இருக்கேன்னு தோணும். பயந்து கெட்டியா அப்பினா அடுத்த மாசம் பொரிஞ்சு உதிரும். காயக் காயத்தான் வெள்ளை தெரியும். காத்துல இருக்கிற கார்பன்-டை-ஆக்சைடை மறுபடியும் இழுத்துக்கிட்டு, கல்லா இருந்தது திரும்பக் கல்லாவே ஆகும். நம்ம சுவர் மேல ஒரு முழு சுழற்சி முடியுது பாருங்க!

ஒரே எச்சரிக்கை, கண்ணு. சுண்ணாம்புத் தண்ணியோட பி.எச். அளவு 12-க்கு மேல. கண்ணாடி போட்டுக்கோங்க, பைக் ஓட்டுற கூலிங் கிளாஸ் ஆனாலும் சரி. கண்ணுல தெறிச்சா தேய்க்காம, நிறைய நல்ல தண்ணியில கழுவிக்கிட்டே இருந்துட்டு நேரா டாக்டர்கிட்ட ஓடணும்.

இப்ப ஒரு சின்ன கணக்கு. 10-க்கு 12 அடி ரூம், உயரம் 10 அடி. நாலு சுவரும் சேர்த்து 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு ஒரு 35 கழிச்சா 405. ரெண்டு கோட்டுன்னா 810 சதுர அடி. இது ஒரே ஒரு ரூமுக்கு. அதுல பாதி தோளுக்கு மேல கை தூக்கி அடிக்கிற வேலை. இத்தனை வருஷமா இதை யாரோட தோள்பட்டை செஞ்சதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

போகிக்கு வருவோம். பழசை எரிக்கிறது ஜாலிதான். ஆனா பழைய பாய், ஓலை, விளக்குமாறு எரிஞ்ச காலம் வேற. இப்ப டயர், ரெயின்கோட், ஒயர், பிளாஸ்டிக்னு எரிக்கிறாங்க. பி.வி.சி. எரிஞ்சா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. ஜனவரி விடிகாலையில் தரையை ஒட்டின காத்து குளிர்ந்து கிடக்கும், புகை மேலே போகாது. 2018 ஜனவரி 13, போகியன்னிக்குச் சென்னையில் பனியும் புகையும் கலந்து, விமானங்களே இறங்க முடியாம வேற ஊருக்குத் திருப்பி விடப்பட்டது. விமானத்துக்கே அந்த கதின்னா, திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆஸ்துமா தாத்தாவுக்கு? கிழியாத துணியைக் கொடுக்கலாம், பேப்பரை எடைக்குப் போடலாம், செத்துப்போன செல்போனையும் டியூப் லைட்டையும் குப்பையில கலக்காம தனியா ஒதுக்கலாம். கொங்குப் பக்கம் போகியன்னிக்கு வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூணையும் சேர்த்து வாசல்ல காப்புக் கட்டுவாங்க. அதுக்குத் தீப்பெட்டி தேவையில்லை, காட்டுப் பக்கம் போய்ப் பூ பறிச்சுட்டு வர ஒரு ஆள்தான் தேவை. அந்த ஆள் நீங்களா இருக்கலாமே.

கடைசியா வாசல். கோலம்னா பொண்ணுங்க வேலைன்னு ஒதுங்கற கம்ப்யூட்டர் சயின்ஸ் கண்மணிகளே, கொஞ்சம் நில்லுங்க. சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரோட சேர்ந்து ஆராய்ச்சி பண்ணவங்களும் 1974-லேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதி ஆய்வுக் கட்டுரை போட்டுட்டாங்க. உங்களுக்கு ஒரு புதிர்: 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை. மொத்தம் எத்தனை புள்ளி? பேப்பர், பேனா எடுக்கிறதுக்குள்ள அம்மா வாசல்ல வெச்சே முடிச்சிருப்பாங்க. விடை 169. சந்தேகமா இருந்தா குனிஞ்சு எண்ணிப் பாருங்க. எண்ணி முடிச்சதும் சுத்தி காவி தீட்டுற வேலையையும் அப்படியே வாங்கிக்கோங்க.

ஒண்ணு மட்டும் உறுதி. நீங்க போய், "அம்மா, இன்னிக்கு நான் பண்றேன்"னு நின்னா, முதல்ல நெற்றியில் கை வெச்சுக் காய்ச்சலான்னு பார்ப்பாங்க. அப்புறம், "நீ போய்ப் படு கண்ணு, பஸ்ல வந்த களைப்பு இருக்கும்"பாங்க. வருஷத்துல முந்நூத்தி அறுபத்திநாலு நாள் அம்மா பேச்சைக் கேட்கிறதில்லை. இந்த ஒரு நாளும் கேட்காதீங்க மக்களே.

ஏணியை எடுங்க!