சட்டமூலத்தைப் படியாத கட்டுரை

க.பொ.த. உயர்தர வகுப்பில் அரசறிவியல் பயிலும் மாணவரிடம் சட்டம் எவ்வாறு ஆக்கப்படுகிறது என்று கேளுங்கள். முதலாம் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு என்று மூச்சுவிடாமல் ஒப்புவிப்பர். ஆயின், அச்சிட்ட சட்டமூலம் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தவர் வாகரையில் எத்தனை பேர்? வாகரையை விடுவோம், கொழும்பில்தான் எத்தனை பேர்? வாவியில் இறக்காமலே நீச்சற் பத்திரம் வழங்கும் கல்வி இது.

சட்டமூலம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் இருவகைக் கட்டுரைகள் வருகின்றன. ஒன்று, தனியார் வகுப்புக் குறிப்பைப் பெயர்த்தெழுதுவது. மற்றது நம்மவர்க்குப் பிரியமானது: “இது மக்கள் விரோதச் சட்டம்” என்று தொடங்கி அதே வாக்கியத்தில் முடிவது. கோபத்தை நாம் குறை கூறவில்லை. எந்த வாசகம், எவ்வாறு, எந்த மக்களுக்கு விரோதம் என்று காட்டாத கோபத்தால் ஆள்வோருக்கு யாதொரு நட்டமும் இல்லை என்றே கூறுகிறோம்.

இந்நாட்டில் இதற்கு ஒரு தனி அவசரமும் உண்டு. இந்தியாவிலே நிறைவேறிய சட்டத்தையும் உச்ச நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளலாம். இங்கோ, 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரைப்படி, சான்றுரை எழுதப்பட்ட பின்னர் ஒரு சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் விசாரிக்க இயலாது. சட்டமூலமாயிருக்கும் அச்சில நாட்களுக்குள், 121ஆம் உறுப்புரையின் கீழ் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்தை நாடலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துள் தன் முடிவைக் கூற வேண்டும். அந்த நாட்களில் படிக்காதவன் பிறகு படித்து என்ன பயன்? கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்!

திவிநெகும சட்டமூலத்தை நினைத்துப் பாருங்கள். வறியோர் வாழ்வை உயர்த்துவது என்ற அழகிய பெயருடன் 2012இல் அது வந்தது. சமுர்த்தி அதிகாரசபை உள்ளிட்ட நிறுவனங்களை ஒரே திணைக்களமாக்கிக் கொழும்பின் கையில் கொடுப்பதே அதன் உள்ளடக்கம். 13ஆம் திருத்தம் மாகாணங்களுக்கு ஒதுக்கிய விடயங்களை இது தொடுவதால் மாகாண சபைகளின் கருத்தைப் பெறவேண்டுமென உயர் நீதிமன்றம் கூறிற்று. வடக்கில் அன்று தெரிவு செய்யப்பட்ட சபையே இல்லை. ஆளுநர் சம்மதம் தெரிவித்தார். ஆளுநரின் குரல் சபையின் குரலாகாது என்றது நீதிமன்றம். எனினும் 2013 ஜனவரியில், மூன்றில் இரண்டு பெரும்பான்மை கொண்டு பாராளுமன்றம் அதை நிறைவேற்றிற்று. அதே மாதத்தில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கப்பட்டார். வடக்கின் முதல் மாகாண சபை தெரிவானதோ அவ்வாண்டு செப்டெம்பரில்!

கிழக்கின் கதை இன்னும் கசப்பானது. இங்கே சபை இருந்தது. 2012இல் அது இணங்கிற்று. தனக்கென எழுதப்பட்டிருந்த அதிகாரத்தைத் தானே கைதூக்கிக் கொடுத்தது. பனிச்சங்கேணியில் வலை வீசுபவரின் சமுர்த்திச் சேமிப்பை யார் ஆள்வது என்பதைப் பற்றிய அச்சட்டமூலத்தை அன்று வாகரையின் எந்த வகுப்பறை விவாதித்தது?

“பரீட்சைக்கு அது வராதே” என்பர் ஆசிரிய நண்பர்கள். உண்மை, பெரும்பாலும் வராது. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது, வினாத்தாளில் அன்று, வீட்டு வாசலில். 1979இல் அதன் தலைப்பிலேயே “தற்காலிக ஏற்பாடுகள்” என்ற சொற்கள் இருந்தன. மூன்றாண்டுகளே ஆயுள் என்றும் எழுதியிருந்தது. 1982இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரிடம் அளித்ததைக் கொள்ளலாம் என்றது புதிய சட்டத்தின் 16ஆம் பிரிவு. இவ்விரண்டையும் அருகருகே எழுதிக் காட்டும் மாணவனின் ஒரு பக்கம், நம் மேடைப் பேச்சுகள் நூறுக்கு ஈடாகும். ஆதாரம் என்று நாம் கேட்பது இதைத்தான்: பழைய சட்டம் என்ன, புதிய வாசகம் எதை மாற்றுகிறது, அமைச்சர் ஹன்சாட்டில் கூறிய காரணம் அவ்வாசகத்தில் உண்டா இல்லையா. அரசின் தரப்பில் நியாயமிருப்பின் அதையும் எழுதுக. அதை மறைத்து எழுதிய கட்டுரையை எதிராளி ஒரே கேள்வியில் சாய்த்துவிடுவான்.

இறுதி வாசகத்தையும் தவறாது படிக்கச் சொல்லுங்கள். நமது சட்டங்களின் கடைசியில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: உரைகளுக்கிடையே ஒவ்வாமை எழுந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்பது அதன் பொருள். தமிழில் படித்து ஒரு பொருள் கொண்ட மாணவன், நீதிமன்றத்தில் வேறொரு பொருளைச் சந்திக்கலாம். ஆகவே ஐயமான சொல்லைச் சிங்களம் அறிந்த ஆசிரியரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் கட்டுரை வேலையே. சிங்கள மாணவரோடு சேர்ந்து செய்தால் இன்னும் நன்று. பறிபோவது அவர்கள் உரிமையுந்தான்.

பிறகு கடற்கரைக்குப் போகட்டும். கரையோர வேடர் குடியிருப்புக்கும், சேனைக்காரரிடமும் போகட்டும். ஒரு வாசகத்தை எளிய தமிழில் வாசித்துக் காட்டி, “இது வந்தால் உங்களுக்கு என்னவாகும், ஐயா?” என்று கேட்கட்டும். விடையை நாளும் இடமும் குறித்து எழுதிக்கொள்ளட்டும். பெயரை மட்டும், கூறியவர் விரும்பினாலன்றி, எழுத வேண்டாம்.