தொட்டுப் பார்க்க முடியாத ஏலம்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

பழைய கண்ணாடி பாட்டில்களைச் சேகரிக்கிறவன் எழுதுகிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கர், பொய் விளம்பரம், பயிற்சி மையங்களின் புளுகு என்று நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களிடம் காலி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தால் சிரிப்பு வரலாம். ஆனால் கைக்கடிகாரம், கேமரா, பீங்கான் ஜாடி, மரப்பெட்டி என்று இணைய ஏலத்தில் பழைய பொருள் எதைக் கேட்டாலும் இதே கதைதான். பாட்டில் எனக்குத் தெரிந்த பொருள் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

கோலி சோடா பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற வடிவம் அது. வாயின் உட்புறம் ஒரு வரிப்பள்ளம், அதில் ரப்பர் வளையம், உள்ளே ஒரு கோலிக்குண்டு. சோடாவின் வாயு அழுத்தம் குண்டை மேலே தள்ளி, வளையத்தோடு இறுக்கி வாயை அடைத்துவிடும். சாய்த்துக் குடிக்கும்போது குண்டு திரும்பி வந்து அடைத்துவிடாமல் தடுக்கத்தான் கழுத்தில் அந்தக் குழிகள். தனியாக மூடி தேவையில்லாத இந்த ஏற்பாட்டில் அடி முழுவதையும் வாங்குவது வாயும் கழுத்தும்தான். திறக்கும்போது விழும் குத்து, பெட்டிக்குள் ஒன்றோடொன்று மோதுவது, இரண்டிலும் மூளியாவது வாய். கோலிக்காகச் சிறுவர்கள் உடைத்துத் தீர்த்தவை வேறு. எனவே வாய் சிதையாத பழைய பாட்டிலுக்கு மதிப்பு அதிகம். வாய்ப்பகுதி மட்டும் நீலக் கண்ணாடியில் அமைந்த பாட்டில்களுக்கு பிரிட்டனில் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவார்கள். பணமும் பழுதும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கைவரிசை காட்டப்படுவதும் அங்கேதான்.

(இதே பாட்டில் நம் நாட்டில் இன்றும் புதிதாக வார்க்கப்படுகிறது. 2025இல் வணிக அமைச்சகமே கோலி சோடாவை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாகும் பெருமைக்குரிய பானமாக அறிவித்தது. புது பாட்டிலை மண்ணில் புரட்டிப் பழையது என்று தள்ளிவிடுகிறவர்களைப் பற்றித் தனி மடல்தான் எழுத வேண்டும்.)

பழைய பொருளில் பழுது இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. தூர்ந்த கிணற்றிலும் குப்பைக்குழியிலும் கிடந்த கண்ணாடி ஒரு கீறலும் இல்லாமல் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வாய் மூளியான பாட்டிலை மூளி என்று சொல்லி விற்றால் அதற்குரிய விலைக்குச் சந்தோஷமாக வாங்குவோம். மறைத்து விற்பதுதான் எங்கள் வழக்கு.

மறைக்கிற வேலையில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஈரத்தில் நெடுநாள் கிடந்த கண்ணாடியிலிருந்து காரப்பொருள் கசிந்து வெளியேறி, மேல்பரப்பு பால் படர்ந்ததுபோல மங்கிவிடும். எத்தனை தடவை கழுவினாலும் போகாது. உள்ளே கொஞ்சம் மினரல் ஆயிலை ஊற்றிச் சுழற்றி வடித்தால் மங்கல் மாயமாகிவிடும். புகைப்படத்தில் பாட்டில் பளபளக்கும். வாங்கியவர் வீட்டு அலமாரியில் எண்ணெய் இறங்கிய பிறகு மங்கல் மறுபடி தலைகாட்டும். இன்னொரு வழி, பாட்டிலைச் செம்புக் கம்பித் துண்டுகளோடும் மெருகுப் பொடியோடும் உருளையில் போட்டு நாள்கணக்கில் சுழற்றுவது. சேகரிப்பாளர்களே வெளிப்படையாகச் செய்கிற சுத்திகரிப்பு இது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேல்தோல் உரிவதோடு, புடைப்பெழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரின் கூர்மையும் போய்விடுகிறது. அப்படித் தேய்த்ததை ‘கை படாத அசல்’ என்று விற்றால் அது பொய்.

வாயில் சில்லு பெயர்ந்திருந்தால் சுற்றிலும் அரைத்துச் சமமாக்கிவிடுகிறார்கள். உயரம் சற்றுக் குறையும், யார் அளக்கப் போகிறார்கள்? பெரிய மூளியாக இருந்தால் நிறம் கலந்த பிசினை ஊற்றி வாயையே புதிதாகக் கட்டிவிடுவார்கள். மயிரிழை விரிசலுக்கு இந்தப் பாடுகூட வேண்டாம். சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் மட்டும் மின்னுகிற விரிசல் அது. நேரே விளக்கைப் போட்டு, வெள்ளைத் துணியை விரித்து, விரிசல் பின்பக்கம் போகும்படி நிறுத்திப் படம் எடுத்தால் முடிந்தது.

எனக்கு வந்த ஒரு பாட்டில் இந்தப் பிசின் ரகம். இணைய ஏலத்தில் ‘மிக நல்ல நிலை’ என்ற விவரணையை நம்பிக் கேட்டேன். கையில் எடுத்தபோது வாய்ப்பகுதி மட்டும் கண்ணாடிக்குரிய குளிர்ச்சி இல்லாமல் இருந்தது. கள்ள நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தேன். உடம்பு ஒரு நிறம், வாய் வேறொரு நிறம். விற்றவர் முதலில் கூரியரில் ஏற்பட்ட சேதம் என்றார். கூரியர்காரர் பாட்டிலை உடைக்கலாம், பிசின் ஊற்றி ஒட்டித் தருவாரா? பிறகு ஏலத்தளத்திடமிருந்து பதில் வந்தது: எல்லாப் பொருளும் எங்கு எப்படி உள்ளதோ அப்படியே விற்கப்படுகிறது, நிபந்தனைகளை ஏற்றுத்தானே ஏலம் கேட்டீர்கள்? ஏலத்தொகைக்கு மேல் என்னிடம் வாங்கிய கட்டணத்தைப் பற்றி அந்தப் பதிலில் பேச்சே இல்லை. கொஞ்ச நாளில் அந்த ஏலப் பக்கமும் படங்களும் தளத்திலிருந்து காணாமல் போய்விட்டன.

அந்த நிபந்தனை ஒரு காலத்தில் நியாயமாகத்தான் இருந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றும் அப்படித்தான் வியாபாரம். ஜாடியைத் திருப்பிப் பார்க்கலாம், விரலால் சுண்டிப் பார்க்கலாம், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் தூக்கிப் பிடிக்கலாம். கடைக்காரர் டீ சொல்லிவிட்டுக் காத்திருப்பார். அங்கே விரிசலைக் கவனிக்காமல் வாங்கினால் அது என் பொறுப்பு. ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று கூவிய பழைய ஏலக் களத்திலும் பொருள் கண்ணெதிரே இருந்தது. இணைய ஏலத்தில் என் கையில் இருப்பது விற்பவர் தேர்ந்தெடுத்த நாலு படங்கள் மட்டும். பார்க்கும் வாய்ப்பை எடுத்துவிட்டு, பார்க்கும் பொறுப்பை மட்டும் என்மேல் விட்டுவைத்திருக்கிறார்கள்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆம் பிரிவில் ஏலத்தைப் பற்றிப் பேசுகிறது. சுத்தியல் விழுவதையும், விற்பவர் தன் ஆளை விட்டு ரகசியமாக விலையேற்றுவதையும் சொல்கிறது, பொருளின் நிலையைச் சொல்வதில்லை. சரக்கின் தரம் பற்றி அதே சட்டம் மறைமுகமாகத் தரும் பாதுகாப்பை வெளிப்படையான ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ள 62ஆம் பிரிவு இடம் தருகிறது. ஏலத்தளத்தின் நிபந்தனை அந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் (கோலி சோடாவும் அதுவும் ஒரே வயது) தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பது மோசடி என்கிறது, வெறுமனே பேசாமல் இருப்பதைப் பொதுவாக மோசடியாகக் கொள்வதில்லை. பிசின் பூசியது முனைந்து மறைத்தல்தான். பூசியவர் இவரேதான் என்று நான் எப்படி நிரூபிப்பது? ‘எனக்கும் இப்படித்தான் வந்தது’ என்று ஒரு வரி சொன்னால் அவர் தப்பிவிடலாம்.

உங்கள் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வருகிறேன். பழையதை, புதுப்பித்ததைப் புதிது என்று விற்பது நேர்மையற்ற வணிகம் என்று அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பழுது பார்த்த பழையதைப் பழுதே படாத பழையது என்று விற்பதற்கு அப்படி ஒரு வரி இல்லை. எங்கள் சந்தையில் நடக்கிற ஏமாற்று முழுவதும் இந்த இரண்டாவது வகை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: படமும் விவரணையும் பொருளின் தோற்றத்தோடும் தரத்தோடும் ஒத்துப்போகும் என்று விற்பவரிடம் தளம் உறுதிமொழி வாங்க வேண்டும். ஆனால் தொழிலாக இல்லாமல் சொந்த முறையில் விற்கிற தனிமனிதருக்கு அந்த விதிகள் பொருந்தாது. பழம்பொருள் ஏலத்தில் விற்பவர்களில் யார் தனிமனிதர், யார் வியாபாரி என்று தளத்துக்குத்தான் தெரியும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்பீர்கள். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, என் ஊரிலேயே மனு போடலாம் என்பதெல்லாம் உண்மை. பழுதைக் கண்டறிய ஆய்வகத்துக்கு அனுப்பவும் சட்டம் வழி செய்கிறது. நூறு வருடத்துச் சோடா பாட்டிலின் வாய் அசலா ஒட்டா என்று சான்று தர எந்த ஆய்வகத்தை ஆணையம் தேடும்? சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இத்தனை நடையை யாரும் நடப்பதில்லை. விற்பவருக்கும் அது தெரியும்.

ஆகவே சட்டத்தைத் திருத்தச் சொல்லி வரவில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ் வழிகாட்டுதல் பிறப்பிக்கும் அதிகாரம் உங்களிடமே இருக்கிறது. 2023இல் இணையதளங்களின் தந்திர வடிவமைப்புகளுக்கு எதிராக அதைப் பயன்படுத்தினீர்கள். இணைய வழிப் பழம்பொருள் ஏலத்துக்கும் ஒன்று கொண்டுவாருங்கள். விரிசல், மூளி, ஒட்டு, அரைப்பு, மெருகு, பூச்சு ஆகிய ஒவ்வொன்றுக்கும் விற்பவர் ‘உண்டு’, ‘இல்லை’, ‘தெரியாது’ என்று பதில் எழுதியாக வேண்டும். அந்தப் பதில் பொய்யானால் எந்த நிபந்தனையும் அவரைக் காப்பாற்றக் கூடாது. பொருள் கைக்கு வந்தபின் சோதித்துப் பார்க்க இரண்டு வாரமாவது வேண்டும், எண்ணெய்ப் பூச்சுக்கு அதைவிடக் கூடுதல் காலம். திருப்பித் தரும் பணத்தில் தளம் வாங்கிய கட்டணமும் சேர வேண்டும். ஏலம் முடிந்த பிறகு படங்களையும் விவரணையையும் இரண்டு வருடம் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் நுகர்வோர் புகாருக்குச் சட்டம் தரும் காலம் அவ்வளவு.

விற்பவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். காயலான் கடைக்காரருக்குப் பிசின் ஒட்டு தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ‘தெரியாது’ என்ற பதில் அவருக்காகத்தான். அதை எழுத்தில் பார்த்தால் நான் அதற்கேற்ப விலை கேட்பேன். கெட்டிக்கார வியாபாரி ஒவ்வொரு பாட்டிலுக்கும் ‘தெரியாது’ என்றே எழுதித் தப்பிக்கலாம் என்பீர்கள். எழுதட்டும், நாலு ஏலத்தில் அவர் பெயர் என்னவென்று சந்தைக்குத் தெரிந்துவிடும்.

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் பழைய பொருள் ஏலத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் மக்கள் நேரில் வந்து கலந்துகொள்ள வாய்ப்புள்ள பொது ஏலமாக இருந்தால்தான் அந்த விலக்கு. இங்கேயும் அதே கோட்டைக் கிழியுங்கள். பொருளை வந்து பார்க்கலாம் என்று அழைக்கிற ஏலத்தை விட்டுவிடுங்கள், திரையில் மட்டும் காட்டுகிற ஏலத்தைக் கேள்வி கேளுங்கள்.

வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடும்போது ஆங்கிலம், இந்தியோடு நிறுத்திக்கொள்ளாமல் தமிழிலும் வெளியிடுங்கள். காரைக்குடிக் கடைக்காரரும் படித்துப் பதில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
பழைய பாட்டில் சேகரிக்கும் ஒருவன்