நழுவிய தோள்

நமது அடுத்த வீட்டுப் பிள்ளையாண்டானுக்கு வயது பதினாறு. பள்ளிக்கூடத்துச் சடுகுடுக் கோஷ்டியில் பாடிப் போவதில் மகா கெட்டிக்காரன். எட்டு வாரங்களுக்கு முன் நடந்த பந்தயத்தில், நடுக்கோட்டைத் தொடுவதற்காக வலக்கையை நீட்டிக்கொண்டு விழுந்தான். எதிர்க்கட்சியார் நால்வர் அவனைப் பின்புறமாக இழுத்தனர். விரல் கோட்டைத் தொட்டுவிட்டது, நால்வரும் ஆட்டமிழந்தார்கள். ஐந்தாவதாக இவனுடைய தோளும் ஆட்டமிழந்தது.

வீட்டுக்கு அழைத்து வந்தபோது கூடிய கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பாட்டி நல்லெண்ணெயைக் காய்ச்சப் புறப்பட்டாள். ஒருவர் புத்தூர்க் கட்டு என்றார். மற்றொருவர், "பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினால் தானே உட்கார்ந்துவிடும்" என்று வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்வந்தார். நல்ல வேளையாகப் பையனின் தகப்பனார் யாருக்கும் செவி சாய்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அங்கே முதலில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அது வீண் சம்பிரதாயமல்ல. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய 80 சதவிகிதம் அதன் மேல் நுனியிலுள்ள குருத்திலிருந்தே உண்டாகிறது. வளரும் பிள்ளைகளுக்கு மூட்டு விலகாமல் அந்தக் குருத்தே முறிந்திருக்கவும் கூடும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். முறிந்த எலும்பை உலுக்கினால் என்னவாகும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

தேகத்திலுள்ள மூட்டுகளில் தோளுக்குச் சமமான சுதந்திரம் வேறெதற்கும் கிடையாது. முதுகைச் சொறிகிறோம், கொடியில் துணி உலர்த்துகிறோம், தலைக்கு மேல் கும்பிடுகிறோம். இந்தச் சுதந்திரத்துக்கு அது கொடுக்கும் விலையும் பெரிது. இடுப்பு மூட்டைப் போல ஆழமான குழி இதற்கு இல்லை. சிறு தட்டின் மேல் பெரிய எலுமிச்சம் பழத்தை வைத்தது போன்ற அமைப்பு. தட்டைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையமும், தசைநார்களும், நான்கு சிறு தசைகளுமே பழம் உருண்டுவிடாமல் காவல் காக்கின்றன. கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் பின்னுக்குத் திருப்பும் நிலையில் காவல் மிகவும் தளர்கிறது. பாடிப் போகிறவனைப் பிடித்து இழுக்கும்போது நேருவது பெரும்பாலும் அந்த நிலைதான்.

இது புதிய வியாதியுமல்ல. சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க தேசத்து வைத்தியர் ஹிப்போகிரேட்டஸின் பெயரால் வழங்கும் நூல்களில், தோள் மீண்டும் மீண்டும் நழுவுவதால் தேகப்பயிற்சியையே கைவிட நேர்ந்தவர்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அதற்கு அவர்கள் செய்த சிகிச்சை, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அக்குளில் சூடு போடுவது! 1923-ஆம் ஆண்டில் பாங்கார்ட் என்ற ஆங்கில ரண வைத்தியர், தட்டின் முன்புறத்து வளையம் கிழிந்து போவதே இவ்வாறு திரும்பத் திரும்ப நழுவுவதற்கு முக்கிய காரணம் என்று எடுத்துக் காட்டினார். இன்றும் அந்தக் கிழிசலுக்கு அவர் பெயரே வழங்குகிறது.

நமது பிள்ளையாண்டானின் தோளை, வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்துவிட்டு, வைத்தியர் மெதுவாகத் தன் இடத்தில் சேர்த்தார். தோளின் வெளிப்புறத்தில் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று முன்னும் பின்னும் சோதித்தார். அவ்வழியே ஓடும் நரம்பு நசுங்கியிருக்கலாமாம். பிறகு மூன்று வாரம் கை தூளியில் கிடந்தது. இரண்டாம் வாரத்திலேயே வலி போய்விட்டது. விபரீதம் ஆரம்பமானதும் அப்போதுதான். வலி இல்லையென்றால் வியாதியும் இல்லை என்பது பதினாறு வயதின் சித்தாந்தம். ஜில்லாக் கோஷ்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாள் நெருங்கிக் கொண்டிருந்தது. பையன் இரவில் தூளியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தாயார் கண்டுவிட்டாள். அன்றிலிருந்து சடுகுடு என்ற வார்த்தையே அந்த வீட்டில் கூடாது என்று ஆக்ஞை பிறந்தது.

பையனின் அவசரத்தை நாம் ஆதரிக்கவில்லை. இருபது வயதுக்குள் ஒரு முறை நழுவிய தோள், விளையாட்டுக்குத் திரும்பும் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மறுபடியும் நழுவுகிறது. நாற்பது வயதுக்காரருக்கு அந்தப் பயம் எவ்வளவோ குறைவு. இந்த ஒரு விஷயத்தில் இளமை அனுகூலமாக இல்லை. இரண்டு மூன்று முறை நழுவினால் ரண சிகிச்சைதான். அதன் பிறகு களத்தில் இறங்க ஏறக்குறைய ஆறு மாதமாகும்.

தாயாரின் ஆக்ஞையையும் நாம் ஆதரிப்பதற்கில்லை. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில் அமராவதி நகரத்து வாலிபர்கள் அயலார் முன் ஆடிக் காட்டிய ஆட்டம் இது. 1990 முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பதக்கத்துக்குரிய ஆட்டமாகவும் இருக்கிறது. வேறொன்றும் வேண்டாம், அந்தப் பையன் அதில் உயிரை வைத்திருக்கிறான்.

இரு தரப்பாருக்கும் நடுவில் நிற்பது தினசரி அப்பியாசம். முதலில் குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மணியின் நாக்கைப் போல ஆட்டுவது. பிறகு சுவரில் கையை ஊன்றி, மூட்டு அசையாமல் தசையை மட்டும் இறுக்குவது. அப்புறம் ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி உள்ளும் வெளியுமாக இழுப்பது. பார்ப்பதற்கு இதைவிட அலுப்பான காரியம் உலகத்தில் கிடையாது. கைதட்ட ஆளில்லை, எண்ணிக் கொள்ள வேண்டியதும் தானே. மூன்று நான்கு மாதம் இப்படிப் போன பின், கை வலியின்றி முழுதும் சுழன்று, இடத் தோளின் பலம் வலத் தோளுக்கும் வந்து, விழுவதற்கு மனம் கூசாமலிருந்தால்தான் களத்துக்கு அனுமதி என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். கடைசியாகச் சொன்னதை எந்தப் படமும் காட்டிக் கொடுக்காது.

ஜில்லாக் கோஷ்டித் தேர்வு சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்து முடிந்தது. பிள்ளையாண்டான் போகவில்லை. நேற்றுக் காலை அவர்கள் வீட்டுக் கொல்லையில், தாயார் பிழிந்து கொடுத்த துண்டை அவன் வலக்கையாலேயே கொடியில் போட்டதை நாம் பார்த்தோம். அவள் சிறிது நேரம் அந்தத் துண்டையே பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு, "இன்னும் எத்தனை வாரம் என்றார் டாக்டர்?" என்று கேட்டாள்.