எல்லையில் நிற்கும் சர்க்கரைக்கு ஒரு வரி அறிவுரை போதாது

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை 108 என்றோ, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.0 என்றோ பரிசோதனை அறிக்கையில் வந்தால், பெரும்பாலும் கிடைப்பது ஒரே ஒரு வரிதான்: “பார்டர்ல இருக்கு, ஸ்வீட்டைக் குறைச்சுக்குங்க, கொஞ்சம் நடங்க.” மாத்திரை எழுதவில்லை என்பதால் வந்தவரும் நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார். எவ்வளவு சோறு, எப்போது மறுபரிசோதனை, இடையில் யார் விசாரிப்பது என்பதெல்லாம் பேசப்படுவதே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி. இந்த 13.6 கோடிப் பேரை ஒரு வரி அறிவுரையோடு அனுப்பிவிடுவது மருத்துவ ரீதியாகத் தவறு. அதற்கான சான்று வெளிநாட்டில் இல்லை, சென்னையிலேயே இருக்கிறது.

சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, குளுக்கோஸ் குடித்தபின் சர்க்கரை வரம்பு மீறியும் நீரிழிவை எட்டாத 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் அதற்குள் நீரிழிவு நோயாளிகள் ஆனார்கள். உணவு மாற்றமும் தினமும் அரை மணி நேர வேக நடையும் சொல்லப்பட்டு, அவற்றைக் கடைப்பிடிக்கிறார்களா என்று தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களில் அது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 40.5, இரண்டையும் சேர்த்தவர்களில் 39.5. அதாவது மாத்திரை செய்ததை நடையும் தட்டும் செய்துகாட்டின; இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை. உடல் எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது என்பது இன்னும் முக்கியம். எடை குறையவில்லையே என்று மனம் தளர்ந்து மூன்றாம் மாதத்தில் நடையை விடுபவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 2013இல் அதே குழு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர். எல்லோருக்கும் தொடக்கத்தில் அறிவுரை சொல்லப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் அதன்பிறகு கைபேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி போனது. இரண்டு ஆண்டுகளில் அறிவுரையோடு நின்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும், செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்தது. இரு ஆய்விலும் தோற்ற தரப்பு, ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிட்ட தரப்புதான். நாம் இன்று பெரும்பாலோருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

பரிசோதனையிலும் இதே அரைகுறை. வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று முடித்துவிடுகிறோம். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை உறிஞ்ச வேண்டியது தசை. இரவு முழுக்கச் சர்க்கரையைச் சுரந்து காலை அளவைத் தீர்மானிப்பது கல்லீரல். தசை இன்சுலினுக்குச் செவிசாய்க்காமல் போயிருந்தாலும் காலைக் கணக்கு ஒழுங்காகவே வரலாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவு 140 முதல் 199 வரை இருந்தால்தான் அது பிடிபடும். சென்னையில் நடந்து 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில், இந்த இரண்டு மணி நேர அளவு ஏறியிருந்தவர்களுக்கு வாழ்க்கைமுறை மாற்றமும், தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மினும் சேர்ந்த திட்டம் நன்கு பலித்தது. காலை அளவு மட்டும் ஏறியிருந்தவர்களுக்கு அவ்வளவாகப் பலிக்கவில்லை. எளிதில் காப்பாற்றக்கூடியவர்களைத்தான் நம் பரிசோதனை முறை தவறவிடுகிறது என்று அர்த்தம். ஹெச்பிஏ1சி இருக்கிறதே என்றால், இரும்புச்சத்துக் குறைபாடு அதை உயர்த்திக் காட்டும். பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை உள்ள தமிழ்நாட்டில் அதை மட்டும் நம்புவது சரியில்லை. குளுக்கோஸ் குடித்துக் காத்திருக்கும் சோதனை நடைமுறைக்கு ஒத்துவராது என்ற ஆட்சேபம் உண்டு. ஆனால் கர்ப்பகால நீரிழிவு ஆய்வில் முன்னோடியான மருத்துவர் வி. சேஷையா காட்டிய வழியில், நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கர்ப்பிணிகளுக்கு இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. அதையே அவர்களின் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நீட்டிப்பது முடியாத காரியமா? எல்லோருக்கும் வேண்டாம், இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்டிமீட்டரைத் தாண்டியவர்கள், பெற்றோருக்கு நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்துபோனவர்கள் என்று தொடங்கினாலே போதும்.

உணவு விஷயத்தில் பரவலாகச் செய்யப்படுவது, அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவது. இது ஏமாற்றத்தில்தான் முடியும். முதலில் சொன்ன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஆய்வின் உணவுத் தரவுகள் 2025இல் வெளியாயின. இந்தியர்களின் உணவு ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும், 12 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வருகிறது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிடுவது, குறைந்த நீரிழிவு வாய்ப்போடு தொடர்புபடவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதமாக மாற்றியிருந்தவர்களிடம்தான் அந்தத் தொடர்பு தெரிந்தது. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு காரணகாரியத்தை நிரூபித்துவிடாது என்பது உண்மை. ஆனாலும் நான்கு சப்பாத்தியை ‘பத்தியம்’ என்று நம்புபவருக்குச் சொல்லவேண்டிய செய்தி இதில் தெளிவாகவே இருக்கிறது: சோற்றை விலக்க வேண்டாம், இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும் சோற்றை விட்டுவிட்டு அந்த இடத்தில் கூட்டும் சுண்டலும் முட்டையும் வரட்டும். சாப்பிட்டபின் சிறிது நடப்பதும் நல்லது, அதற்கும் காரணம் உண்டு. இயங்கும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. 2014இல் ஜான் யுட்கின், விக்டர் மொன்டோரி ஆகிய இரு மருத்துவர்கள், ஆரோக்கியமாக இருப்பவர்கள் மேல் ‘நோய்க்கு முந்தைய நிலை’ என்ற முத்திரையைக் குத்தி மருந்துச் சந்தையைப் பெருக்குகிறோம் என்று எச்சரித்தார்கள். அமெரிக்காவில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், இந்த நிலையில் இருந்தவர்களில் நீரிழிவுக்குப் போனவர்களைவிட இயல்பு நிலைக்குத் திரும்பியவர்களும் இறந்தவர்களும்தான் அதிகம். முதியவர்கள் விஷயத்தில் இந்த எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். எழுபத்தைந்து வயதுக்காரர் ஹெச்பிஏ1சி 6.0ஐ நினைத்துப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. ஆனால் நம் நடுவயதுக்காரர்களின் கதை வேறு. சென்னை நகரில் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், இந்த நிலையில் இருந்தவர்களில் சுமார் 59 சதவீதம் பேர் நீரிழிவுக்குப் போனார்கள். இங்கே இது வெற்று முத்திரை ஆகாது. மேலும், அந்த எச்சரிக்கை மருந்தைப் பற்றியது. நான் கேட்பது விசாரிப்பை.

தனிமனிதரிடம் சொல்லி என்ன பயன், ஊரில் நடக்க இடமில்லை, பருப்பு விலை கட்டுப்படியாகவில்லை என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கேரளத்தில் அக்கம்பக்கத்தாரையே குழுவாகச் சேர்த்து நடத்திய தடுப்புத் திட்டம், 2018இல் வெளியான முடிவுகளின்படி, நீரிழிவு வருவதைக் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைக்கவில்லை. எந்தத் தொடர்கவனிப்பும் பலித்துவிடும் என்று நினைக்கக்கூடாது. யாரை, எந்தச் சோதனையால் தேர்ந்தெடுக்கிறோம், எத்தனை காலம் விடாமல் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. தமிழ்நாட்டில் அதற்கான கட்டமைப்பு 2021 முதல் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் நீரிழிவு உள்ளவரின் வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டுபோகிறார்கள். எல்லையில் நிற்பவரின் பெயரும் அதே பதிவேட்டில் ஏற வேண்டும். அவருக்கு வாரந்தோறும் தமிழில் ஒரு குறுஞ்செய்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடுப்பளவு, ஆண்டுக்கொருமுறை இரண்டு மணி நேரச் சோதனை. ரேஷன் கடையில் அரிசி இலவசம், துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு மாதம் ஒரு கிலோ. எல்லையில் நிற்பவர்களின் குடும்பங்களுக்கு அந்த ஒரு கிலோவை இரண்டாக்குவதிலிருந்து அரசு தொடங்கலாம்.